முதல் மஸில்லோடர் ரைஃபிள் வாங்குவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பென்சில்வேனியாவில் மான் வேட்டைக்குப் போகிறவன் நான். நவம்பர் கடைசியில் எல்லோரும் போகிற ரைஃபிள் சீசனைவிட, கிறிஸ்துமஸ் முடிந்து பனி கொட்டும்போது வருகிற பிளின்ட்லாக் (சிக்கிமுக்கிக் கல்லின் பொறியால் சுடுகிற பழைய வகைத் துப்பாக்கி) சீசன்தான் எனக்கு வருடத்தின் பெரிய திருவிழா. இங்கே குடியேறி, வேட்டைப் பயிற்சி வகுப்பை முடித்த நண்பர்கள் சிலர் "முதல் மஸில்லோடர் எதை வாங்கலாம்?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். போனில் திரும்பத் திரும்பச் சொன்னதை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

மஸில்லோடர் என்பது நம் ஊர் நாட்டுத் துப்பாக்கிதானா?

அடிப்படை அதேதான். தோட்டா கிடையாது. குழலின் வாய் வழியாகக் கரிமருந்தைக் கொட்டி, அதன் மேல் குண்டைப் போட்டு, கோலால் கிட்டித்துச் சுட வேண்டும். சிறு வயதில் நரிக்குறவர்கள் தோளில் பார்த்த துப்பாக்கியும் இதே குடும்பம்தான். ஒரு வித்தியாசம் உண்டு. நாட்டுத் துப்பாக்கியின் குழல் பெரும்பாலும் உள்ளே வழவழவென்று இருக்கும். சிறு ரவைகளைச் சிதறவிட அது போதும். ரைஃபிள் என்றால் குழலுக்குள் திருகுபோலப் புரி வெட்டியிருக்கும். குண்டு சுழன்றுகொண்டே வெளியேறும், அதனால் நேராகப் போகும்.

இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம். இங்கே சொல்வதெல்லாம் அமெரிக்காவில், உரிமம் எடுத்து, சீசனுக்குள் வேட்டையாடுகிறவர்களுக்கு மட்டும்.

நல்ல நவீன ரைஃபிள் இருக்கும்போது இது எதற்கு?

முதல் காரணம், தனி சீசன். பல மாநிலங்கள் மஸில்லோடருக்கென்று தனியாக நாட்கள் ஒதுக்கியிருக்கின்றன. பென்சில்வேனியாவில் பிளின்ட்லாக் சீசன் 1974-இல் தொடங்கியது. அந்த நாட்களில் காட்டில் கூட்டம் இருக்காது. மான்களும் ரைஃபிள் சீசனின் பதற்றத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வழக்கமான தடத்துக்குத் திரும்பிக்கொண்டிருக்கும்.

இரண்டாவது காரணம் என் சொந்த விஷயம். ஒரே ஒரு குண்டுதான். தவறினால் மறுபடி நிரப்ப அரை நிமிடத்துக்கு மேல் ஆகும், அதற்குள் மான் அடுத்த மலைக்குப் போயிருக்கும். அதனால் சந்தேகம் இருந்தால் விசையைத் தொடவே மாட்டோம். மஸில்லோடர் எடுத்த பிறகு நான் விட்டுவிட்ட மான்கள் அதிகம்; காயப்படுத்தித் தேடி அலைந்த மான்கள் குறைவு. எனக்கு இதுதான் பெரிய லாபம்.

சரி, எங்கிருந்து தொடங்குவது? கடைக்குப் போய்ப் பார்க்கட்டுமா?

கடைக்கு முன்னால், உங்கள் மாநிலத்தின் வேட்டை விதிப் புத்தகம். எல்லா மாநிலமும் இணையத்தில் இலவசமாகப் போடுகிறது. முதலில் சீசன், அப்புறம்தான் துப்பாக்கி. இந்த வரிசையை மாற்றியவர்கள்தான் இரண்டாவது துப்பாக்கி வாங்கக் காசு தேடுகிறார்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், "மஸில்லோடர்" என்ற ஒரே சொல் மாநிலத்துக்கு மாநிலம் வேறு வேறு பொருள் தரும். பென்சில்வேனியாவில் அக்டோபரில் கொம்பில்லாத மானுக்கு வருகிற மஸில்லோடர் சீசனில் டெலஸ்கோப் வைத்த நவீன இன்லைன் (வகைகளை அடுத்த கேள்வியில் விளக்குகிறேன்) செல்லும். அதே துப்பாக்கியை கிறிஸ்துமஸுக்குப் பிந்தைய சீசனில் எடுத்துக்கொண்டு போனால் சட்டமீறல். அங்கே பிளின்ட்லாக் மட்டும்தான், .44 காலிபருக்குக் (குழல் துளையின் விட்டம், அங்குலத்தில்) குறையக் கூடாது, டெலஸ்கோப் கூடாது. ஒஹாயோவில் டெலஸ்கோப்புக்குத் தடை இல்லை. கொலராடோவின் செப்டம்பர் சீசனில் இன்லைன் சரி, ஆனால் டெலஸ்கோப்பும் கூடாது, மாத்திரை வடிவ மருந்தும் கூடாது, குண்டைச் சுற்றி வருகிற 'சாபோ' என்ற பிளாஸ்டிக் உறையும் கூடாது. ஐடஹோ இன்னும் கறார்: மஸில்லோடருக்கு மட்டுமான சீசனில் குதிரை (விசையை இழுத்தால் பாய்ந்து அடிக்கிற சுத்தியல் போன்ற பாகம்) வெளியே தெரிய வேண்டும், பற்றவைக்கும் இடம் காற்றுக்குத் திறந்திருக்க வேண்டும், மருந்து தூளாகத்தான் இருக்க வேண்டும்.

விதிகள் வருடா வருடம் மாறும். போன வருடப் புத்தகத்தை நம்பாதீர்கள், நான் எழுதியதையும் இந்த வருடப் புத்தகத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். பென்சில்வேனியாவில் வழக்கமான வேட்டை உரிமத்தோடு மஸில்லோடர் உரிமம் தனியாக எடுக்க வேண்டும் என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள்.

பிளின்ட்லாக், பெர்கஷன், இன்லைன் என்கிறார்களே, என்ன வித்தியாசம்?

மருந்தை எப்படிப் பற்றவைக்கிறது என்பதுதான் வித்தியாசம். மற்றதெல்லாம் அதிலிருந்து வருவது.

பிளின்ட்லாக்கில் குதிரையின் வாயில் ஒரு சிக்கிமுக்கிக் கல் கவ்வியிருக்கும். விசையை இழுத்தால் குதிரை பாய்ந்து, எதிரே நிற்கிற எஃகுத் தகட்டைக் கல் உரசும். தகடு முன்பக்கமாகச் சாய்ந்து திறக்கும். அதன் அடியில் 'பான்' என்ற சின்னக் கிண்ணம், அதில் ஒரு சிட்டிகை நைசான மருந்து. பொறி அதில் விழுந்து பக்கென்று எரியும். அந்தச் சுவாலை குழலின் பக்கவாட்டில் இருக்கிற ஊசித் துளை வழியாக உள்ளே போய்ப் பெரிய மருந்தைப் பிடிக்கும். எல்லாம் சரியாக இருந்தால் ஒரே சத்தமாகத்தான் கேட்கும். ஏதாவது ஒன்று சரியில்லை என்றால் "க்ளிக்", "புஸ்", "டமார்" என்று மூன்றும் தனித்தனியாகக் காதில் விழும். கண்ணுக்கு அருகே பளிச்சென்று நெருப்பு எழும்போதும் துப்பாக்கியை அசைக்காமல் பிடித்திருக்கப் பழக வேண்டும். அந்தப் பழக்கத்துக்குப் பல மாதம் ஆகும். முதல் கோடையில் நான் சுட்ட குண்டுகளில் பாதி, நெருப்பைப் பார்த்து முகத்தைத் திருப்பியதில் போனவை.

பெர்கஷன் வந்த கதையே வேட்டையில் தொடங்குகிறது. அலெக்சாண்டர் ஃபோர்சித் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் பறவை சுடுகிறவர். பானில் எழுகிற வெளிச்சத்தைப் பார்த்தே பறவைகள் விலகிவிடுகின்றன என்று நொந்து, அடித்தால் வெடிக்கிற ரசாயனத்தைப் பயன்படுத்தும் விசையைச் செய்து 1807-இல் காப்புரிமை வாங்கினார். பிறகு அது சின்னச் செப்புக் கேப் ஆனது. குழலின் பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் நிப்பிளில் கேப்பைச் செருகுவோம், குதிரை அதன் தலையில் அடிக்கும். பொட்டு வெடியைக் கல்லால் குத்திய நமக்குப் புதிதில்லை.

இன்லைன் என்பது நம் காலத்துச் சரக்கு. டோனி நைட் என்ற மிசூரிக்காரர் 1985-இல் கொண்டுவந்த எம்கே-85 தான் அந்த வகையைப் பரப்பியது. பற்றவைப்பு குழலுக்கு நேர் பின்னால் இருப்பதால் நெருப்பு வளைந்து போக வேண்டியதில்லை. இப்போதைய இன்லைன்களில் பெரும்பாலும் ஷாட்கன் தோட்டாவில் மருந்தைப் பற்றவைக்கிற 209 பிரைமர்தான். பார்க்க நவீன ரைஃபிள் மாதிரியே இருக்கும். பின் அடைப்பைக் கழற்றினால் குழலின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வெளிச்சம் தெரியும், அதனால் கழுவுவதும் சுலபம்.

எனக்கு எது சரி என்று ஒரே வரியில் சொல்ல முடியுமா?

உங்கள் மாநிலம் அனுமதித்தால், முதல் துப்பாக்கி .50 காலிபர் இன்லைன். திறந்த பற்றவைப்பு கேட்கிற மாநிலம் என்றால்.50 காலிபர் பெர்கஷன். பென்சில்வேனியாவின் குளிர்கால சீசன்தான் ஆசை என்றால் நேராக பிளின்ட்லாக்கே வாங்கிவிடுங்கள், நடுவில் வேறு எதையும் வாங்கிப் பழக வேண்டாம்.

பிளின்ட்லாக் அழகாக இருக்கிறது என்பதற்காக மட்டும் வாங்குகிறவர்களைத் தடுக்கப் பார்ப்பேன். லான்காஸ்டர் பகுதியில் 18-ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய, சுவிஸ் கொல்லர்கள் செய்த நீளத் துப்பாக்கிகளின் அழகு என்னையும்தான் இழுத்தது. ஆனால் மலிவான பிளின்ட்லாக்கைப் போல ஒருவனை இந்த வேட்டையிலிருந்தே துரத்துகிற பொருள் வேறில்லை. எஃகுத் தகடு சரியாகக் கடினப்படுத்தப்படவில்லை என்றால் பொறியே வராது. காசு இறுக்கம் என்றால் அதே காசுக்கு நல்ல பெர்கஷன் வாங்கலாம்.

எந்தக் காலிபர்?

.50. அங்குலத்தில் பாதி, அதாவது 12.7 மில்லிமீட்டர். மானுக்கு வேண்டிய எடை உண்டு, தோள் தாங்கும், எந்தக் கடையிலும் குண்டு கிடைக்கும். .50 துப்பாக்கிக்கான உருண்டை ஈயக் குண்டு 177 கிரெயின் இருக்கும், கிட்டத்தட்ட 11.5 கிராம். .45-ம் பல மாநிலங்களில் மானுக்குச் செல்லும். ஆனால் பிறகு எல்க் என்ற பெரிய வகை மானின் வேட்டைக்கு கொலராடோ பக்கம் போகிற ஆசை வந்தால் அங்கே .50-க்குக் குறையக் கூடாது. உருண்டைக் குண்டிலேயே எல்க் சுட வேண்டும் என்கிறவர்கள் .54 பார்க்கலாம், அந்தக் குண்டு 225 கிரெயினை ஒட்டி வரும்.

குழலில் 1:28, 1:48, 1:60 என்று எழுதியிருக்கிறதே?

இதைத்தான் யாரும் கேட்பதில்லை, கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி இதுதான். புரி எத்தனை அங்குலத்துக்கு ஒரு முழுச் சுற்று வருகிறது என்பதுதான் அந்த எண். உருண்டைக் குண்டுக்கு மெல்லச் சுழன்றால் போதும்: 1:60, 1:66 போல. நீளமான குண்டுக்கும் சாபோவுக்கும் வேகமான சுழற்சி வேண்டும்: 1:28 போல. 1:48 நடுவாந்தரம், இரண்டையும் ஓரளவு சுடும்.

என் முதல் துப்பாக்கி 1:60. வாங்கின கடையிலேயே "இதையே எல்லோரும் எடுக்கிறார்கள்" என்று சாபோ குண்டுப் பெட்டி ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். 50 கஜத்தில் ஐந்து குண்டு சுட்டேன். ஒன்றுக்கு ஒன்று ஒரு முழம் தள்ளி விழுந்தது, ஒரு ஓட்டை காகிதத்தில் சாவித்துவாரம் மாதிரி நீளமாக இருந்தது. குண்டு பக்கவாட்டில் புரண்டு போய்க் காகிதத்தைக் கிழித்திருக்கிறது. துப்பாக்கியில்தான் குறை என்று இரண்டு மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு பக்கத்து ரேஞ்சில் சுட்டுக்கொண்டிருந்த ஒரு தாத்தா அவருடைய உருண்டைக் குண்டு ஒன்றையும், கோடு போட்ட தலையணைத் துணியில் வெட்டிய ஒரு துண்டையும் தந்தார். துணியில் எச்சில் தடவிக் குண்டைச் சுற்றித் திணித்தேன். முதல் குண்டே கறுப்பு வட்டத்தில். அந்தத் துணித்துண்டுதான் புரியைக் கவ்விக் குண்டைச் சுழற்றுகிறது.

விற்பனையில் இருப்பதிலும் பழைய சந்தையில் கிடைப்பதிலும் நீங்கள் பார்க்கக்கூடியவை: டிரெடிஷன்ஸ் டீர்ஹண்டர் 1:48, தாம்சன் சென்டர் ஹாக்கன் 1:48, லைமன் கிரேட் பிளெய்ன்ஸ் 1:60, சிவிஏ வுல்ஃப் இன்லைன் 1:28. முதலில் என்ன குண்டு சுடப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள், குழல் தானாக முடிவாகிவிடும்.

மருந்து எது? எவ்வளவு?

அசல் கரிமருந்து என்பது வெடியுப்பு, கரி, கந்தகம் மூன்றும் சேர்ந்தது. பிளின்ட்லாக்குக்கு இதுதான், மாற்று இல்லை. பைரோடெக்ஸ், டிரிப்பிள் செவன் போன்ற மாற்று மருந்துகள் பற்றிக்கொள்ள அதிகச் சூடு கேட்கும். பானில் விழுகிற பொறிக்கு அவை மசியாது. பெர்கஷனில் பைரோடெக்ஸ் ஓடும். பிளாக்ஹார்ன் 209 என்ற மருந்துக்கு 209 பிரைமர் வைத்த இன்லைன்தான் வேண்டும். அசல் கரிமருந்தை எல்லாக் கடையும் வைத்திருக்காது, பாதுகாப்பு விதிகள் அதிகம். பிளின்ட்லாக் வாங்கும் முன்பே மருந்து எங்கே கிடைக்கும் என்று விசாரித்துவிடுங்கள்.

அளவு, துப்பாக்கியோடு வருகிற கையேட்டில் இருக்கும். அதற்கு மேல் ஒரு கிரெயின் கூடப் போடாதீர்கள். என் .50-க்கு உருண்டைக் குண்டோடு 70 கிரெயின் போடுகிறேன். ஒரு பவுண்டில் 7000 கிரெயின், அதனால் ஒரு டப்பா வாங்கினால் நூறு வேட்டு. மாற்று மருந்துகளைப் பொதுவாக எடையால் அளக்கக் கூடாது, கரிமருந்துக்கான அளவுக் குவளையால் கன அளவாகத்தான் அளக்க வேண்டும். டிரிப்பிள் செவன் வேகம் கூடியது. கரிமருந்தின் பலத்துக்கு ஈடாக வேண்டுமென்றால் கன அளவில் 15 சதவீதம் குறைக்கச் சொல்கிறது அதன் தயாரிப்பு நிறுவனமே.

புகையில்லா மருந்து, அதாவது நவீனத் தோட்டாவில் இருக்கிற மருந்து, மஸில்லோடருக்குள் போகவே கூடாது. குழல் வெடிக்கும். சாவேஜ் 10எம்எல் போல அதற்கென்றே செய்த ஓரிரு துப்பாக்கிகள் மட்டும் விதிவிலக்கு, அவை முதல் துப்பாக்கிக்கான பேச்சே இல்லை.

பழைய துப்பாக்கி வாங்கலாமா?

தாராளமாக. 1970, 80-களில் வாங்கி நாலு தடவை சுட்டுவிட்டு அலமாரியில் வைத்த பெர்கஷன் துப்பாக்கிகள் ஏராளம். ஆனால் கையில் எடுத்ததும் செய்ய வேண்டிய முதல் காரியம், உள்ளே மருந்து இருக்கிறதா என்று பார்ப்பது. கேலிச்சொல் இல்லை, தாத்தா நிரப்பி வைத்ததை யாருக்கும் தெரியாமல் பேரன் விற்கிற கதை நிஜமாகவே நடக்கிறது. கோலைக் குழலுக்குள் அடிவரை விடுங்கள். வாய் விளிம்புக்கு நேராக விரலால் பிடித்துக்கொண்டு வெளியே எடுத்து, குழலின் மேல் படுக்கவையுங்கள். கோலின் நுனி பற்றவைக்கும் துளைக்குப் பக்கத்தில் வர வேண்டும். இரண்டு அங்குலம் முன்னாலேயே நின்றுவிட்டால் உள்ளே ஏதோ இருக்கிறது. அப்படியே கீழே வைத்துவிட்டுத் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

காலி என்று உறுதியானதும், எண்ணெய் தொட்ட வெள்ளைத் துணியைக் குழலுக்குள் விட்டு எடுங்கள். லேசான காவி நிறம் பரவாயில்லை. துணி நடுவில் எங்காவது இழுத்துப் பிடித்தால், நூல் பிய்ந்து வந்தால், உள்ளே துரு குழி போட்டிருக்கிறது. அந்தத் துப்பாக்கியைச் சுவரில் மாட்டத்தான் முடியும். அடுத்து குதிரையைப் பாதி நிலையில் நிறுத்தி விசையை நன்றாக இழுத்துப் பாருங்கள். விழக் கூடாது. விழுந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். நிப்பிள் துளை அகன்றிருந்தால் பயம் வேண்டாம், சில டாலரில் புதியது மாற்றலாம்.

நூறு வருடத்துக்கு முந்தைய அசல் துப்பாக்கியை ஒரு நல்ல துப்பாக்கிக் கொல்லர் பார்க்காமல் சுடவே வேண்டாம்.

நான் இடதுகைக்காரன். பிரச்சினையா?

இன்லைனில் இல்லை. பிளின்ட்லாக்கில் உண்டு. பான் வலப்பக்கம் இருக்கும், இடது தோளில் வைத்துச் சுட்டால் நெருப்பு உங்கள் முகத்துப் பக்கம் எழும். இடதுகை மாடல் கேட்டு வாங்குங்கள். யாராக இருந்தாலும் பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் மஸில்லோடர் சுடக் கூடாது.

வேலை விசாவில் இருக்கிறேன். வாங்கலாமா?

கூட்டாட்சிச் சட்டப்படி, அதாவது 1968-ஆம் ஆண்டு துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, கரிமருந்துக்காகச் செய்யப்பட்ட, தோட்டா போட முடியாத மஸில்லோடர் பொதுவாகப் "பழம்பொருள்" வகையில் சேர்கிறது, துப்பாக்கிக் கணக்கில் வராது. நவீனத் துப்பாக்கியை வேலை விசாக்காரர் வைத்திருக்கக் கூட்டாட்சித் தடை உண்டு; செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பவருக்கு அதில் விலக்கும் உண்டு. ஆனால் இரண்டு கண்ணிகள் இருக்கின்றன. தாம்சன் சென்டர் என்கோர் போல, குழலை மாற்றினால் தோட்டாவும் சுடக்கூடிய மாடல்கள் முழுத் துப்பாக்கியாகவே எண்ணப்படும். மாநிலச் சட்டங்களும் வேறு. சில மாநிலங்களில் மஸில்லோடருக்கும் அனுமதி அட்டை வேண்டும். குடியேற்ற விஷயத்தில் ஒரு சின்னத் தவறும் பெரிய விலை கேட்கும். வாங்கும் முன் ஒரு வழக்கறிஞரிடம் அரை மணி நேரம் பேசிவிடுங்கள்.

மழை, பனியில் வேலை செய்யுமா?

இன்லைன் நன்றாகவே செய்யும். பிளின்ட்லாக்கைக் குழந்தையைப் போலப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒரு ஜனவரிக் காலை, ஹெம்லாக் மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். கிளையிலிருந்து உருகிய பனி சொட்டிக்கொண்டே இருந்தது. ஒன்பது மணிக்கு ஒரு பெண்மான் 35 கஜத்தில் பக்கவாட்டாக வந்து நின்றது. விசையை இழுத்தேன். பானில் மருந்து எரிந்து ஒரு சின்னப் புகை மேலே போனது, அவ்வளவுதான். மான் தலையைத் தூக்கிப் பார்த்தது, காதை இரண்டு தடவை அசைத்தது, பிறகு நடந்தே போய்விட்டது. குழலுக்குள் இருந்த எண்ணெய்ப் பிசுக்கு துளையருகே கசிந்து பெரிய மருந்தின் ஓரத்தை நனைத்திருக்கிறது. முந்தின நாள் எண்ணெய் போட்டுவிட்டு, காலையில் உலர்ந்த துணியால் துடைக்காமல் நிரப்பிய என் தவறு. அன்றிலிருந்து நிரப்பும் முன் குழலை உலரத் துடைக்கிறேன், துளையில் ஊசி விட்டு எடுக்கிறேன், மணிக்கு ஒரு தடவை பானில் இருக்கிற பழைய மருந்தைத் தட்டிவிட்டுப் புதிது போடுகிறேன். குதிரையும் பானும் இருக்கிற பூட்டின் மேல் மெழுகு தேய்த்த தோல் உறை ஒன்று போட்டுக்கொள்கிறேன்.

பயப்பட வேண்டிய தவறுகள் எவை?

முதலாவது, குண்டு மருந்தின் மேல் ஒட்டி உட்காராமல் நடுவில் இடைவெளி விடுவது. குழல் வீங்கலாம், வெடிக்கலாம். இதற்கு ஒரே மருந்து, கோலில் ஒரு கோடு. சரியாக நிரப்பிய துப்பாக்கியில் கோலைவிட்டு, வாய் விளிம்புக்கு நேராகக் கீறிவையுங்கள். ஒவ்வொரு முறையும் அந்தக் கோடு விளிம்பைத் தொடுகிறதா என்று பாருங்கள். கோடு மேலே நின்றால் குண்டு இறங்கவில்லை, அல்லது இரண்டு தடவை நிரப்பிவிட்டீர்கள். கீழே போனால் மருந்து போட மறந்துவிட்டீர்கள். பேசிக்கொண்டே நிரப்பினால் எல்லோருக்கும் இது ஒருநாள் நடக்கும்.

இரண்டாவது, வெடிக்காத துப்பாக்கியை உடனே திருப்பிப் பார்ப்பது. உள்ளே மருந்து மெதுவாகப் புகைந்து சில நொடி கழித்து வெடிக்கலாம். இலக்கை நோக்கியே ஒரு நிமிடமாவது பிடித்திருங்கள்.

மூன்றாவது, மருந்துக் குடுவையிலிருந்து நேராகக் குழலில் கொட்டுவது. முந்தின வேட்டின் கங்கு உள்ளே இருந்தால் கையில் இருக்கிற குடுவை முழுவதும் வெடிக்கும். எப்போதும் சின்ன அளவுக் குவளையில் எடுத்து, குடுவையை மூடிவைத்துவிட்டு ஊற்றுங்கள்.

சுத்தம் செய்வது அவ்வளவு கஷ்டமா?

கஷ்டம் இல்லை, ஆனால் அன்றைக்கே செய்ய வேண்டும். கரிமருந்தின் எரிசாம்பல் காற்றில் இருக்கிற ஈரத்தை உறிஞ்சும். இரண்டு நாள் விட்டால் குழல் துருப்பிடிக்கத் தொடங்கும். ஒரு வாளியில் சூடான தண்ணீர், கொஞ்சம் பாத்திரம் தேய்க்கும் சோப்பு. குழலைக் கழற்ற முடிகிற மாடலில் பின்நுனியை வாளிக்குள் வைத்து, துணி சுற்றிய கோலை மேலும் கீழும் இழுத்தால் தண்ணீர் துளை வழியாக உள்ளே ஏறி இறங்கும். கறுப்புக் கஷாயம் மாதிரி வரும், அழுகின முட்டை நாற்றம் வீசும். தண்ணீர் தெளிவாகும் வரை செய்து, சூட்டோடு துடைத்து, எண்ணெய் போடுங்கள். என் வீட்டில் இதைச் சமையலறைத் தொட்டியில் செய்யத் தடை, கராஜில்தான்.

வேட்டை முடிந்து களைத்து வருகிற இரவில் இந்த அரை மணி நேர வேலை உங்களால் முடியாது என்று தோன்றினால், அசல் கரிமருந்துத் துப்பாக்கி வாங்காதீர்கள். பிளாக்ஹார்ன் போடுகிற இன்லைனில் இந்த அவசரம் குறைவு.

துப்பாக்கி தவிர என்னென்ன வேண்டும்?

சாதாரண இன்லைன் 300 டாலரை ஒட்டிக் கிடைக்கும். அதோடு முடிந்துவிடாது. அளவுக் குவளை, குண்டைக் குழல் வாயில் இறக்கும் குட்டைக் கோல், நிப்பிள் அல்லது பின் அடைப்பைக் கழற்றும் சாவி, துணித்துண்டுகள், மாட்டிக்கொண்ட குண்டை வெளியே இழுக்கிற திருகாணி, கேப் அல்லது பிரைமர், உறுதியான சுத்தம் செய்யும் கோல். பிளின்ட்லாக் என்றால் உதிரிக் கற்கள் நாலைந்து. மரக்கோலை வேட்டைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், ரேஞ்சில் உலோகக் கோல். மரக்கோல் உடைந்தால் கையைக் குத்திக் கிழிக்கும்.

விமானத்தில் எடுத்துப் போகலாமா?

துப்பாக்கியை விதிப்படி பூட்டிய பெட்டியில் வைத்து, விமான நிறுவனத்திடம் அறிவித்து, சரக்குப் பகுதியில் அனுப்பலாம். கரிமருந்தும் கேப்பும் எந்தப் பையிலும் கூடாது. போய் இறங்கும் ஊரில்தான் வாங்க வேண்டும்.

ஈயக் குண்டால் கறிக்குக் கெடுதலா?

குண்டு போன வழியைச் சுற்றி ஒரு கை அகலத்துக்குத் தாராளமாக வெட்டி எறிந்துவிடுங்கள். வீட்டில் குழந்தைகளும் கர்ப்பிணிகளும் இருந்தால், இன்லைனில் சாபோவுக்குள் வருகிற செப்புக் குண்டு பார்க்கலாம். கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயமே கூடாது.

எவ்வளவு தூரத்தில் சுடலாம்? எப்போது வாங்குவது?

இரண்டுக்கும் பதில் ஒன்றுக்குள் ஒன்று இருக்கிறது. இன்லைன், டெலஸ்கோப் என்றால் பழகியவர்கள் 150 கஜம் வரை சுடுகிறார்கள். உருண்டைக் குண்டு நூறு கஜம் போவதற்குள் கிளம்பிய வேகத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இழந்துவிடும். என் பிளின்ட்லாக்குக்கு நான் வைத்திருக்கிற எல்லை 60 கஜம்.

உங்கள் எல்லையைக் கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். மே மாதமே வாங்கிவிடுங்கள். ரேஞ்சில் 25 கஜத்தில் ஒரு சாதாரணக் காகிதத் தட்டை மாட்டுங்கள். மேஜையில் சாய்த்து அல்ல, காட்டில் சுடுகிற மாதிரி முழங்காலிட்டு, மரத்தில் சாய்ந்து. ஐந்து குண்டும் தட்டுக்குள் விழுந்தால் பத்து கஜம் பின்னால் போங்கள். ஒவ்வொரு வேட்டுக்கும் நடுவில் குழலை ஒரு ஈரத்துணியால் துடையுங்கள். முதல் குண்டு தட்டைவிட்டு வெளியே போகிற தூரத்தைக் குறித்துக்கொண்டு, அதிலிருந்து பத்து கஜம் குறையுங்கள். அந்த எண்ணைப் பேனாவால் மருந்துப் பையின் உள்பக்கம் எழுதிவையுங்கள். டிசம்பரில் கை நடுங்கும்போது அதைத்தான் திறந்து பார்க்க வேண்டும்.